அண்ணே, உங்க இன்சுலின் ஒண்ணு கிடைக்குமா?

போன வாரம் ஜிம்ல ஒர்க்அவுட் முடிச்சிட்டு லாக்கர் ரூம்ல சட்டைய தூக்கிட்டு வயித்துல ஊசி போட்டுட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு தம்பி, நல்ல தோளும் நெஞ்சுமா இருக்கிற பையன், என் கையில இருந்த இன்சுலின் பென்னயே பாத்துட்டு நின்னான். ஊசின்னா பயம் போலன்னு நினைச்சேன். கடைசில மெதுவா கிட்ட வந்து "அண்ணே, உங்களுக்கு இது ஈஸியா கிடைக்கும்ல, எனக்கு ஒண்ணு எடுத்து தர முடியுமா"ன்னு கேக்குறான். ஸ்டீராய்டு வேணுமான்னு என்கிட்ட கேட்டவங்க உண்டு, என் மருந்தையே என்கிட்ட கேட்டது இவன்தான் முதல்ல.

எனக்கு டைப் 1 சுகர், 11 வயசுலேர்ந்து. என் கணையம் இன்சுலின் சுரக்காது, வெளிய இருந்து போடலன்னா ஆள் காலி. அவனுக்கு கணையம் ஜம்முனு வேலை செய்யுது. சாப்பிட்டா சுரக்கும், சுகர் இறங்க ஆரம்பிச்சா தானா அடங்கிக்கும். அந்த அடங்குறது இருக்கு பாருங்க, அது ஊசில வர்ற இன்சுலினுக்கு தெரியாது. போட்டது போட்டதுதான், சுகர் எவ்ளோ இறங்கினாலும் அது பாட்டுக்கு வேலைய பாத்துட்டு இருக்கும்.

சுகர் இல்லாத பாடிபில்டர் எதுக்கு இன்சுலின் போடுறான்னு அவன் சொன்ன காரணம் எல்லாம் எனக்கும் தெரிஞ்சதுதான். குளுக்கோஸையும், புரோட்டீன் உடைஞ்சு வர்ற அமினோ அமிலத்தையும் செல்லுக்குள்ள தள்ளும், தசை கரையாம காப்பாத்தும், க்ரோத் ஹார்மோன் போடுறவங்களுக்கு உடம்பு இன்சுலின சரியா மதிக்காது, அத ஈடுகட்டவும் போடுவாங்க. பொய் இல்ல. ஆனா அதே இன்சுலின் கொழுப்பையும் கரைய விடாம பூட்டி வைக்கும், அத மட்டும் இவங்க கோச் யாரும் சொல்ல மாட்டாங்க. 1998லயே ஒலிம்பிக் கமிட்டி இத தடை லிஸ்ட்ல போட்டாச்சு.

"உடம்புல இருக்கிற ஹார்மோன்தானே அண்ணே, ஸ்டீராய்டு மாதிரி கிட்னி லிவர்லாம் போகாதுல்ல"ன்னான். இங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. ஸ்டீராய்டு பெரும்பாலும் வருஷக்கணக்குல உள்ளுக்குள்ள அரிக்கிற சமாச்சாரம், நடுவுல டெஸ்ட் எடுத்து பாத்து நிறுத்தவாவது டைம் இருக்கு. இன்சுலின்ல ஒரு தடவ கணக்கு தப்புனா அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சுரும்.

கணக்கு எவ்ளோ சின்னதுன்னு பாருங்க. நம்ம உடம்புல ஓடுற 5 லிட்டர் ரத்தத்துல மொத்த குளுக்கோஸ் 5 கிராம் கூட வராது, ஒரு டீஸ்பூன் அவ்ளோதான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட அந்த 5 கிராமையும் தின்னுரும். அப்பப்ப லிவர் தன்கிட்ட இருக்கிற சேமிப்புலேர்ந்து எடுத்து விட்டுட்டே இருக்கிறதாலதான் நாம நிக்கிறோம், இன்சுலின் அந்த லிவர் குழாயையும் சேர்த்து மூடிரும். இதுல எனக்கு தாங்க முடியாத விஷயம் என்னன்னா, பாடிபில்டர் தசைக்குள்ள அந்த நேரத்துல 400, 500 கிராம் கிளைகோஜன், அதாவது சேமிச்சு வச்ச சுகர், சும்மா உக்காந்திருக்கும், ஆனா அத குளுக்கோஸா மாத்தி ரத்தத்துல விடுற என்சைம் தசைல கிடையாது, லிவர்ல இருக்கு, தசைல இல்ல. மூளை பட்டினில சாகும்போது பக்கத்துலயே மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கிற தசை ஒரு பொட்டு கடன் குடுக்காது.

ஒர்க்அவுட் முடிஞ்ச உடனே போடுறதுதான் இவங்க வழக்கம். ஒர்க்அவுட் பண்ண தசை இன்சுலின் இல்லாமலே சுகர இழுக்கும், இன்சுலினுக்கு அது காட்டுற ரியாக்ஷனும் ஒரு நாள் வரைக்கும் கூட கூடுதலாவே இருக்கும். வேகமா வேலை செய்ற வகை 15 நிமிஷத்துல ஆரம்பிச்சு 1, 2 மணி நேரத்துல உச்சத்துக்கு போய் 4, 5 மணி நேரம் வரைக்கும் ஓடும், பழைய ரெகுலர் வகை 8 மணி நேரம் கூட இழுக்கும். இவங்க குடிக்கிற ஷேக்ல இருக்கிற சுகர் ஒரு மணி நேரத்துல தீந்துரும், அப்புறம் டயர்ட்ல போய் படுத்துருவாங்க.

அப்புறம் சிரிஞ்ச் கூத்து. இன்சுலின்ல யூ-40, யூ-100னு ரெண்டு இருக்கு, ஒரு மில்லில 40 யூனிட், ஒரு மில்லில 100 யூனிட். யூ-100 மருந்த யூ-40 சிரிஞ்ச்ல 10ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 25 யூனிட். எனக்கு சின்ன வயசுல நர்ஸ் உக்கார வச்சு சிரிஞ்ச் கையில குடுத்து காட்டினாங்க, இவனுக்கு யார் காட்டுவா? அவன் கிட்ட யூ-40னா என்னன்னு கேட்டேன், ஏதோ பிராண்டான்னு கேட்டான்.

என் கதைய சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு லெக் டே, அதாவது காலுக்கு ஒர்க்அவுட் பண்ற நாள், நைட்டு போட வேண்டிய இன்சுலின குறைக்காம போட்டுட்டு தூங்கிட்டேன். 2 மணிக்கு முழிப்பு வந்தா பெட்ஷீட் தண்ணில முக்கி எடுத்த மாதிரி வேர்வை. மீட்டர்ல பாத்தா 43. 70க்கு கீழ போனாலே லோன்னு 20 வருஷமா தெரிஞ்ச ஆள் நான், அந்த 43 பாத்துட்டு "ஓ இது பகா எண்ணாச்சே"ன்னு யோசிச்சிட்டு உக்காந்திருக்கேன். குளுக்கோஸ் டப்பா கையில இருக்கு, மூடிய எந்த பக்கம் திருப்பணும்னு தெரியல. அண்ணன் வந்து திறந்து வாயில போட்டான். இத்தனைக்கும் வீட்ல எல்லாருக்கும் எனக்கு சுகர்னு தெரியும். மறைச்சு போடுறவன் ரூம்மேட்டுக்கு என்ன தெரியும், குடிச்சிட்டு படுத்திருக்கான்னு கதவ சாத்திட்டு போயிருவான்.

அடிக்கடி லோ ஆச்சுன்னா அந்த நடுக்கம் வேர்வை எல்லாம் வர்றதே குறைஞ்சுரும், நேரா மயக்கம்தான். காம்பெடிஷன் டைம்ல இன்னும் மோசம், தண்ணி வத்த வைக்க மாத்திரை போட்டு பொட்டாசியம் ஏற்கனவே போயிருக்கும், இன்சுலின் மிச்சம் இருக்கிறதையும் செல்லுக்குள்ள இழுத்துக்கும், இதயம் தாளம் தப்பும். லோவுக்கு குடுக்கிற குளுக்ககான் ஊசி கூட லிவர்ல இருக்கிற சேமிப்பத்தான் வெளிய தள்ளும், கார்ப் இல்லாம வாரக்கணக்குல காஞ்சு கிடக்கிற லிவர்ல தள்ள என்ன இருக்கு?

கூட யாராவது போடுறது உங்களுக்கு தெரிஞ்சா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ஆள் முழிச்சிருந்தா சர்க்கரை தண்ணியோ ஜூஸோ உடனே குடுங்க, சாக்லேட் வேணாம், கொழுப்பு இருக்கிறதால லேட்டாகும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிரும், ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட இன்சுலின்னு வாய் திறந்து சொல்லுங்க. சொல்லலன்னாலும் சி-பெப்டைடு டெஸ்ட்ல தெரிஞ்சுரும்தான், நம்ம கணையம் இன்சுலின் சுரந்தா கூடவே அதுவும் வரும், ஊசில போட்டா வராது, ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் மூளை காத்திருக்காது.

இவ்ளோவும் பேசி முடிக்கிறதுக்குள்ள என் போன் கத்துச்சு. சுகர் சென்சார் கிராஃப்ல அம்பு கீழ பாத்து சாஞ்சிருக்கு, 82 ஆகி இறங்கிட்டு இருக்கு. கொஞ்சம் முன்னாடி அவன் கண்ணு முன்னாடி நானே அளந்து போட்ட ஊசிதான். எதுவும் பேசாம ரெண்டு குளுக்கோஸ் மாத்திரைய வாயில போட்டுட்டு அவனுக்கும் ஒண்ணு நீட்டினேன். மென்னுட்டு மூஞ்சிய சுளிச்சான். "என்ன அண்ணே, சாக்பீஸ் மாதிரி இருக்கு."