முதல் ஈ.இ.ஜி. நார்மல் என்று வந்த பிறகு

மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதியும் ஈ.இ.ஜி. பரிசோதனையின் முதல் ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று பார்த்ததும் வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ வலிப்பு இல்லைன்னு ஆயிடுச்சே, மாத்திரை எதுக்கு?" என்றார் அம்மா. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பார்வை நிலைகுத்தி, வாய் எதையோ மெல்வது போல அசைந்து, கொஞ்ச நேரம் கழித்து எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் விழிப்பது மட்டும் நிற்கவில்லை. ஓர் இரவு தூக்கத்தில் கைகால் வெட்டி இழுத்து, நாக்கையும் கடித்துக்கொண்டேன்.

நரம்பியல் மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, கணவர் போனில் எடுத்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். வழக்கமான ஈ.இ.ஜி. 20, 30 நிமிடப் பதிவு. அந்த நேரம் பார்த்து வலிப்பு வருவது அபூர்வம். ஆகவே அதில் தேடுவது வலிப்பை அல்ல. இரண்டு வலிப்புகளுக்கு நடுவே, நமக்குத் தெரியாமலே மூளையில் தோன்றி மறையும் கூர்மையான அலைகளை. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் பதிவில் அவை சிக்காது. தூக்கத்தையும் சேர்த்துத் திரும்ப எடுத்தால் 80 சதவீதம் பேர் வரை சிக்கலாம். சிலருக்கு எத்தனை முறை எடுத்தாலும் சிக்காது. மண்டையோட்டுக்கு வெளியே இருந்து எடுப்பதால், மூளையின் மேற்பரப்பில் பல சதுர சென்டிமீட்டர் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோட்டில் தெரியும். ஆழத்தில் நடப்பது தெரியாமலே போகலாம்.

அடுத்த பதிவுக்கு முந்தைய இரவு தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார்கள். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரக்கூடும் என்பதால் கணவர் கூடவே விழித்திருந்தார். போகும்போது வண்டியும் அவரே ஓட்டினார். தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் போக வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன்.

டெக்னீஷியன் டேப்பால் என் தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைத்தார். மூக்கின் மேல்பகுதியிலிருந்து பின்மண்டை மேடு வரை உள்ள தூரத்தை 10, 20 சதவீதமாகப் பிரித்து மூளை அலைகளைப் பிடிக்கும் மின்முனைகளைத் தலையில் வைக்கும் இந்த முறை 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்டது. உலகம் முழுக்க ஒரே அளவு என்பதால்தான் ஓரிடத்தில் எடுத்த பதிவை இன்னோரிடத்தில் படிக்க முடிகிறது. பசை மட்டும் ஜில்லென்று இருந்தது. வலி எதுவும் இல்லை. மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு இழுத்து விட்டபோது விரல் நுனிகள் மரத்துக் கிறுகிறுத்தது. கண் முன்னே விளக்கை மின்னவிட்டுப் பார்த்து முடித்ததும், "இப்போ தூங்குங்க" என்றார். அதற்காகவே காத்திருந்த மாதிரி தூங்கிப் போனேன்.

தூக்கத்தில்தான் அது வந்திருந்தது. மருத்துவர் திரையில் காட்டினார். மெல்ல நெளிந்து போகும் கோடுகளுக்கு நடுவே, இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் மட்டும் ஒரு கோடு சட்டென்று ஊசி போலக் கிளம்பி, உடனே ஓர் அகலமான மந்த அலையாக இறங்கியது. அந்த ஊசி 70 மில்லிசெகண்டுக்கும் குறைவு. கொஞ்சம் தள்ளி, அதே இடத்தில் இன்னொன்று. என் வெறித்த பார்வை, மெல்லும் வாய், இந்த ஊசி கிளம்பும் இடம், மூன்றும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான பொட்டு மடலையே காட்டின.

"இதை வைத்து மட்டும் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வலிப்பே வராதவர்களிலும் மிகச் சிலருக்கு இப்படித் தெரியும். தூக்கக் கலக்கத்தில் வரும் சில சாதாரண அலைகளும் கூர்மையாகத் தெரிந்து ஏமாற்றும். அவற்றைத் தவறாகப் படித்து, தேவையில்லாமல் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு. அதனால்தான் நடந்ததைக் கண்ணால் பார்த்தவரின் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு. உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், பத்திரமாக ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, முடிந்தால் வீடியோ எடுங்கள். எப்படி ஆரம்பித்தது, எந்தப் பக்கம் தலை திரும்பியது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

எனக்கு மாத்திரை தொடங்கினார்கள். ஊசி அலை போய்விட்டதா என்று பார்க்க உடனே இன்னொரு பதிவு எடுக்கலாமா என்றேன். "நமக்கு வலிப்பு நிற்கணும், கோடு நேராகணும்னு இல்லை" என்றார். இப்போது ரிப்போர்ட் தாளோடு முழுப் பதிவின் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்; இன்னொரு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் அவர் அலைகளைத் தானே பார்த்து முடிவுக்கு வரலாம்.