உயர்தர மாணவிக்கு அம்மாள் வருத்தம்: 80 வீத வரவும் மருத்துவச் சான்றிதழும்

க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் காய்ச்சலைவிட வரவு இடாப்புக்குத்தான் பெற்றோர் அதிகம் பயப்படுகிறார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நோய் வந்த பிள்ளையை எதுவரை வீட்டில் வைத்திருக்க வேண்டும், அந்த நாட்களுக்கான கடதாசியை யாரிடம், எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நாங்கள் இருப்பது துணுக்காய்ப் பக்கம், மாங்குளம் – வெள்ளாங்குளம் வீதியிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில். மகள் தரம் 12இல் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அம்மாள் வருத்தம், அதாவது கொப்பளிப்பான், வந்தது. அதை நாங்கள் கடந்த விதத்தை, நாளை இதே நிலைக்கு வரக்கூடிய பெற்றோருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பங்குனி மாதத்து வெயிலில் பாடசாலையிலிருந்து வந்தவள், உடம்பு அலுப்பாக இருக்கிறது என்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் வயிற்றிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் இருந்தன. மத்தியானத்துக்குள் அவற்றில் சில பனித்துளி போல நீர் கோத்துவிட்டன. என் அம்மா பார்த்த உடனேயே வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். "அம்மாள் வந்திருக்கிறா, ஆசுப்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது" என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் நேர்த்தி வைத்து வளர்ந்த தலைமுறை அவருடையது; அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் இகழ்ந்ததில்லை. "வேப்பிலையும் இருக்கட்டும் அம்மா, நேர்த்தியும் இருக்கட்டும். ஆனா டொக்டர் கண்ணால பார்க்காட்டி ரீச்சருக்குக் குடுக்க ஒரு துண்டும் இல்லை" என்று சொன்ன பிறகுதான் இணங்கினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அம்மாள் வருத்தம் வந்தால் பெரும்பாலான வீடுகளில் வைத்தியசாலைக்குப் போவதில்லை; தலைக்குத் தண்ணீர் வார்த்து, பிள்ளை தெளிந்த பிறகுதான் சான்றிதழ் தேடி ஓடுகிறார்கள். அப்போது வைத்தியர் எதைப் பார்த்து எழுதுவார்? தான் பார்க்காத நோய்க்கு முந்திய திகதி போட்டுச் சான்றிதழ் தர எந்த வைத்தியரும் விரும்பமாட்டார், அப்படிக் கேட்பதும் நியாயமில்லை. அயலில் ஒரு மாணவனின் தாய் இப்படிப் பல தடவை அலைந்து வெறுங்கையுடன் திரும்பியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பேருந்து எப்போதாவது ஓடும் வீதியில் அந்த அலைச்சல் எவ்வளவு பெரிது என்பது வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கொப்புளம் உடம்பில் இருக்கும்போதே போக வேண்டும், முதல் சந்திப்பிலேயே சான்றிதழ் கேட்க வேண்டும்.

பேருந்தில் கூட்டிப் போனால் ஏறியிருக்கும் அத்தனை பேருக்கும் தொற்றக்கூடும் என்பதால் ஓட்டோ பிடித்தோம். வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குள் நுழையுமுன்பே வாசலில் நின்ற ஊழியரிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் எங்களை வரிசையிலிருந்து விலக்கி வேப்பமரத்தடி வாங்கில் இருக்கவைத்து, பிறகு தனியாக உள்ளே எடுத்தார். வைத்தியர் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கச் சொன்னார். ஆஸ்பிரின் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டவும், நீராகாரம் நிறையக் கொடுக்கவும், மூச்சுத் திணறலோ விடாத வாந்தியோ மயக்கமோ கண்டால் நேரத்தைப் பார்க்காமல் கொண்டுவரவும் சொன்னார். பாடசாலைக்கு எப்போது அனுப்பலாம் என்ற கேள்விக்கு அவர் நாள் கணக்குச் சொல்லவில்லை. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்ட வேண்டும், புதிதாக ஒன்றும் போடக் கூடாது, அதுதான் அளவு என்றார். வழக்கமாக அதற்கு ஒரு கிழமை வரை பிடிக்கும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே நோய் தொற்றும் என்பதால் வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் கவனிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று வாசித்தேன். பிள்ளையின் முழுப்பெயர் பாடசாலை இடாப்பில் உள்ளபடி இருக்கிறதா, நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதா, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை ஓய்வு என்று எழுதப்பட்டிருக்கிறதா, வைத்தியரின் ஒப்பமும் பதவி முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். பெயரில் முதலெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அந்த இடத்திலேயே திருத்திச் சிற்றொப்பம் இட்டுத் தந்தார்கள். வீடு வந்து கவனித்திருந்தால் அதற்காக இன்னொரு நாளும் இன்னொரு ஓட்டோக் கூலியும் போயிருக்கும். வரும் வழியில் கொமினிகேசனில் இரண்டு பிரதி எடுத்தோம்.

அன்று மாலையே வகுப்பாசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கடிதமும் சேர்த்துத் தாங்கோ அம்மா, நான் அதிபரிட்டக் குடுத்துக் கோவையில போட்டுவிடுறன்" என்றார். மறுநாள் கணவர் கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தில் நான்கே வரிகள்தான்: மகளின் பெயர், தரம், பிரிவு, நோய், வராத நாட்கள், இணைப்பாக மருத்துவச் சான்றிதழ். மூலத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் ஒரு ஒப்பமும் திகதியும் வாங்கி வந்தார். ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், கோவைகள் இடம் மாறும். பிள்ளை பரீட்சைக்கு விண்ணப்பிப்பதோ அடுத்த வருடம். அந்தப் பிரதியை அவளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்துடன் சேர்த்து வைத்திருக்கிறேன்.

வரவைப் பற்றிய பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி குறைந்துவிடும். பாடசாலை 100 நாள் நடந்தால் 20 நாள் வரை வராதிருந்தாலும் 80 வீதம் நிற்கும். ஒரு கொப்பளிப்பான் மட்டும் அதைக் குலைத்துவிடாது. திருவிழா, கலியாணம், ரியூசன் மறுபரீட்சை என்று காரணமில்லாமல் உதிர்க்கும் நாட்களே குலைக்கின்றன. பாடசாலைக்கு வராமல் ரியூசனுக்கு மட்டும் காய்ச்சலோடு போகும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். நெருக்கியடித்து இருக்கும் அந்தக் கொட்டில்களில் தொற்று இன்னும் வேகமாகப் பரவும். மகளை நான் இரண்டுக்கும் அனுப்பவில்லை. பாடக்குறிப்புகளைத் தோழி ஒருத்தி வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினாள்.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கொப்பளிப்பான் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வீடு தேடி வந்தார். அவர் முதலில் கேட்டது, வீட்டிலோ அயலிலோ கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்பதைத்தான். பக்கத்து வளவில் என் தம்பியின் மனைவி கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து என்பதை விளக்கி, குடும்பநல உத்தியோகத்தருக்கு அவரே அழைப்பெடுத்தார். அவளுக்குச் சிறுவயதில் வந்து போயிருக்கிறது என்று அவளுடைய தாய் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வைத்தியசாலைக்குப் போகாமல் விட்டிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் வந்திருக்கமாட்டார்.

இதற்குத் தடுப்பூசி உண்டு என்றாலும் அது தேசிய அட்டவணையில் இல்லை. பணம் கொடுத்துத் தனியாரிடம் போட வேண்டும். பாடசாலையில் இலவசமாகக் கிடைப்பவற்றையாவது தவறவிடாதிருப்போம். தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி 2017இலிருந்து போடப்படுகிறது. தரம் 7இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. தரம் 1, 4, 7, 10இல் மருத்துவப் பரிசோதனை நடக்கும். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரத்தினரையும் பார்ப்பார்கள், எங்கள் பக்கத்துச் சிறிய பாடசாலைகள் பல அந்த வகைதான். அன்றைக்குப் பிள்ளை கட்டாயம் போக வேண்டும். மகளுக்குத் தூரப்பார்வைக் குறை இருப்பது தரம் 10 பரிசோதனையில்தான் தெரியவந்தது.

சாதாரணக் காய்ச்சலுக்கும் இதே ஒழுங்கைத்தான் இப்போது வைத்திருக்கிறோம். மருந்து கொடுக்காமலே ஒரு முழுநாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பாடசாலை. டெங்குவாக இருக்கலாம் என்பதால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை இல்லை. மூன்றாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை. வயலில் இறங்கிய பிள்ளை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்கிறோம். 2024 மார்கழியில் யாழ். குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த பிறகு, இது எங்கள் ஊர் நெல்வயல்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்க முடியவில்லை.

கொப்பளிப்பான் தொற்றியவருக்கு 10 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படும் என்று பரிசோதகர் சொல்லியிருந்தபடியே, அக்கா பாடசாலைக்குத் திரும்பிய பிறகு தரம் 9 படிக்கும் தம்பிக்கு முதுகில் முதல் கொப்புளம் போட்டது. இந்தமுறை அம்மாவே ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டார்.