சாய் சிம் பாத்தியும் மஞ்சள் கோட்டு வண்டும்

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்தி எனக்குக் கிடைத்ததும் முதலில் விதைத்தது சாய் சிம் என்ற சீனக் கீரை. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஆண்டுக்கு 57 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தொட்டி வைத்துப் பழகிய எனக்கு அதுவே ஒரு வயல்.

முளைவிட்ட சில நாளிலேயே இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை. நத்தை என்று நினைத்து இரவில் டார்ச் அடித்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. காலையில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: எள்ளைவிடச் சின்னக் கறுப்பு வண்டு, முதுகில் நெளிந்து ஓடும் இரண்டு மஞ்சள் கோடு. விரலை நீட்டியதும் தெறித்து மறைந்தது.

வேப்பெண்ணெய் தெளித்தேன். மழை கழுவிக்கொண்டு போனது. எல்லாவற்றையும் பிடுங்கி, மறுபடி விதைத்து, உடனே வலை போட்டேன். மூன்று வாரத்தில் வலைக்குள்ளேயே வண்டுகள்! மனசு விட்டுப்போனது.

பக்கத்துப் பாத்திச் சீன ஆன்ட்டிதான் ஒரு செடியை வேரோடு எடுத்துக் காட்டினார். வேரின் தோலில் கோடு கோடாகச் சுரண்டல், ஒட்டிக்கொண்டு நூல் துண்டுபோல் வெள்ளைப் புழு. வண்டு முட்டையிடுவது செடியின் அடிமண்ணில். புழு வேரைத் தின்று, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, மூன்று நான்கு வாரத்தில் வண்டாக மேலே வரும். அவற்றைத்தான் நான் வலைபோட்டு உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன்.

சரி, சாப்பாட்டை நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். சாய் சிம், கைலான் என்ற இன்னொரு சீனக் கீரை, முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். அதுதான் இந்த வண்டுக்கு உணவு. பழைய வேர்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மூன்று மாதம் தண்டுக்கீரையும் வெண்டையும் மட்டும் போட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், வாரம் இரண்டு நாள் கீரை மசியல்.

அப்புறம்தான் மறுபடி சாய் சிம். அக்கம்பக்கத்துப் பாத்திகளிலிருந்து வண்டு தாவி வரும் என்பதால் வலை இந்த முறையும் தேவைப்பட்டது. கண் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வலையாகத் தேடி வாங்கி, விதைத்த அன்றே போட்டு, ஓரங்களை மண்ணில் புதைத்தேன். தண்ணீரும் வலைக்கு மேலேயே ஊற்றினேன்.

போன சனிக்கிழமை அறுத்தேன். வெளி இலைகளில் நாலைந்து ஓட்டை, உள்ளே அத்தனையும் முழு இலை. ஆன்ட்டிக்கு ஒரு கட்டு கொடுத்தேன். அடுத்து அதே மண்ணில் வெண்டை. கைலான் விதை இன்னும் டப்பாவில்தான்.