அழகர் கட்டியிருந்தது பச்சைப் பட்டா, மஞ்சள் பட்டா?

பழைய கலர் ஸ்லைடுகளை, அதாவது சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படங்களை, ஸ்கேன் செய்து நிறம் மீட்டுத் தருவது என் வேலை. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறைதான் சொல்வார்கள்: "எல்லாம் செவப்பாப் போயிடுச்சு தம்பி." உண்மையில் சிவப்பு கூடிவிடவில்லை. கலர் ஃபிலிமில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாயங்கள். சிவப்பு ஒளியைத் தடுப்பது சயான். அந்தக் காலத்து எக்டாக்ரோம் ஃபிலிம்களில், பீரோ இருட்டில் சும்மா கிடந்தாலும் முதலில் மங்குவது பெரும்பாலும் அதுதான். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் சீக்கிரப்படுத்தும். நிழலான இடங்களில்தான் சாயம் அதிகம், அதனால் இழப்பும் அங்கேதான் அதிகம். கறுத்த தலைமுடியெல்லாம் செம்பட்டையாகத் தெரிவது அதனால்தான். பெட்டியில் கோடாக்ரோம் என்கிற இன்னொரு வகை ஃபிலிம் இருந்தால் மனசு லேசாகிவிடும். இருட்டில் வைத்திருந்தால் ஐம்பது வருடம் கழித்தும் அதன் நிறம் நன்றாகவே இருக்கும்.

மதுரைக்காரப் பெரியவர் ஒருவர், எழுபதுகளில் தான் எடுத்த சித்திரைத் திருவிழா ஸ்லைடுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் தங்கக் குதிரை வாகனத்தில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை வைத்தே அந்த வருடம் எப்படி இருக்கும் என்று பேசுகிற ஊர் அது. பச்சை என்றால் செழிப்பு. படத்திலோ பட்டு அழுக்கு மஞ்சளாக இருந்தது. "பச்சையா மஞ்சளான்னு எனக்கே ஞாபகம் இல்லை தம்பி. நீங்களே பாத்துப் போடுங்க" என்றார். பார்த்துப் போடுகிற விஷயமா அது! படத்துக்குள்ளேயே சாட்சி தேடியாக வேண்டும்.

ஃபிலிமில் பச்சை என்பது சயானும் மஞ்சளும் சேர்ந்தது. சயான் போய்விட்டால் மஞ்சள்தான் மிஞ்சும். ஆனால் முழுதாகப் போவது அபூர்வம். ஸ்கேனில் சிவப்பு சேனலை, அதாவது சிவப்பு ஒளியின் அளவை மட்டும், தனியே பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். குதிரையின் தங்கம் பளீரென்று வெளுத்திருந்தது. அதே வெளிச்சத்தில் இருந்த பட்டு அதைவிட ஒரு பிடி கறுப்பு. கரையோர மர இலைகளும் அதே கறுப்பு. அங்கே இன்னும் கொஞ்சம் சயான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இலை பச்சையாகும்வரை சிவப்பு சேனலின் நிழல் பகுதியை, வெளிச்ச அளவை ஏற்றி இறக்கும் கர்வ் கோட்டில் கீழே இழுத்தேன். பட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. இலையோடு சேர்ந்து அதுவும் பச்சையாகத் திரும்பியது.

இப்படி இழுப்பதற்கு ஸ்கேன் 16 பிட்டில் இருக்க வேண்டும். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். சாயம் போன படத்தில் அதிலும் ஒரு பகுதிதான் பயன்படும், இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். 16 பிட்டில் 65,536 படிகள், தாராளமாக இழுக்கலாம். ஆட்டோ கலர் பொத்தானை நான் தொடுவதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். அந்த நேரத்து வெளிச்சத்துக்கே ஒரு நிறம் உண்டு, பொத்தான் அதையும் பழுது என்று நினைத்து வெளுத்துவிடும்.

அப்புறம் தூசி. ஸ்கேனரின் அகச்சிவப்பு ஒளி பெரும்பாலான கலர் சாயங்களை ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் தடைபடும். தூசி இருக்கும் இடம் இப்படித் தனியாகத் தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த வித்தை பலிக்காது. அதிலுள்ள வெள்ளித் துகள் அந்த ஒளியையும் மறிப்பதால் படத்தையே தூசி என்று எண்ணிக்கொள்ளும். அங்கே கையால்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

தெளிவு கூட்டுவதைக் கடைசியில், கொஞ்சமாகத்தான் செய்வேன். ஃபிலிமுக்கே உரிய, பொடிமணல் போன்ற புள்ளிகளை (கிரெயின்) அழுக்கு என்று நினைத்து வழித்தெடுத்தால் பட்டின் ஜரிகையும் கூடவே போய்விடும். கூட்டத்தில் மங்கலாக நிற்கும் முகங்களை ஏஐ கொண்டு தெளிவாக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது கண்ணும் மூக்கும் தானாக வரைந்து தரும். வருவது அழகான முகம்தான், ஆனால் அன்றைக்கு ஆற்றில் நின்றவருடையது இல்லை. அதனால் மறுத்துவிடுகிறேன்.

மீட்ட படத்தோடு, கை வைக்காத ஸ்கேனையும் தனிக் கோப்பாகக் கொடுத்தேன். நாளைக்கு வேறொருவர் இதைவிட நன்றாகச் செய்யலாம். ஸ்லைடுகளையும் வீசிவிடாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு, ஈரமும் வெயிலும் படாத குளிர்ந்த அலமாரியில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.