முன்சொல்லில் ஒட்டும் 'எஸ்'

ஆங்கிலக் கையேடுகளையும் அறிக்கைகளையும் திருத்துகிறவர்களிடம் அடிக்கடி வந்து நிற்கும் கேள்வி இது: 'எரர் லிஸ்ட்' என்பதா, 'எரர்ஸ் லிஸ்ட்' என்பதா? பட்டியலில் பிழைகள் பல இருப்பதால் எழுதுகிறவர் கை தானாகப் பன்மைக்குப் போகிறது. ஆனால் முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லின் வேலை எண்ணிக்கை சொல்வதல்ல, வகையைச் சொல்வது. நூறு புத்தகம் அடுக்கினாலும் அது 'புக் ஷெல்ஃப்'தான். தமிழிலும் புத்தக அலமாரி என்கிறோமே தவிர, புத்தகங்கள் அலமாரி என்பதில்லை. இந்த இடத்தில் நம் காதை நம்பலாம்.

பன்மை கடைசிச் சொல்லுக்கே உரியது: 'எரர் மெசேஜஸ்', 'யூசர் கைட்ஸ்'. வினைச்சொல்லும் அதையே பின்பற்றும். 'சேல்ஸ் ரிப்போர்ட்' என்று எழுதிவிட்டு, 'சேல்ஸ்' காதில் ஒலித்ததால் 'ஆர்' போடுவது பரவலான தவறு. 'ரிப்போர்ட்' ஒருமை, ஆகவே 'இஸ்'தான்.

அப்படியானால் 'சேல்ஸ்' ஏன் பன்மையில் நிற்கிறது? உண்மையான சிக்கல் இங்கேதான். சில சொற்கள் பன்மையில் தனிப்பொருள் பெற்றுவிட்டன. 'கஸ்டம்ஸ் ஆஃபீசர்' சுங்க அதிகாரி. 'எஸ்' போனால் கஸ்டம், அதாவது வழக்கம், வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஆர்ம்ஸ் டீலர்' ஆயுத வணிகர். 'ஆர்ம்' என்றால் கை. கண்ணாடி அணிபவர் வைத்திருப்பது 'கிளாஸஸ் கேஸ்'. 'கிளாஸ் கேஸ்' என்பது கண்ணாடியால் செய்த பெட்டி. 'சேவிங்ஸ் அக்கவுன்ட்', 'கூட்ஸ் டிரெயின்' எல்லாம் இந்தக் குடும்பம். ஆகவே நல்ல சோதனை இதுதான்: 'எஸ்'ஸை எடுத்துப் பாருங்கள், பொருள் மாறினால் திருப்பி வையுங்கள். பன்மையிலேயே வழங்கும் சொல் என்பது மட்டும் போதாது. 'டிரவுசர்ஸ்' எப்போதும் பன்மை, ஆனால் அதன் பை 'டிரவுசர் பாக்கெட்'தான்.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாதவை உண்டு. பலவகை உறுப்புகளைத் தொகுத்துச் சொல்லும் 'பார்ட்ஸ் லிஸ்ட்', 'சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' போன்றவை வழக்கால் நிலைத்தவை. அகராதியைப் பார்ப்பதே வழி. பிரிட்டிஷ் வழக்கு இத்தகைய பன்மைக்குக் கூடுதலாக இடம் தரும், அமெரிக்க வழக்கு ஒருமைப் பக்கம் சாயும். 'விமன் டாக்டர்ஸ்' தனி ரகம்: மருத்துவரே பெண் என்னும்போது இரண்டு சொல்லும் பன்மையாகும்.

எண் சேர்ந்தால் விதி இன்னும் கறார். 'ஃபைவ்-டே கோர்ஸ்', 'டென்-பேஜ் ரிப்போர்ட்': இடையில் சிறுகோடு, அளவுப்பெயர் ஒருமை. 'ஃபைவ் டேஸ் லீவ்' என்று எழுத விரும்பினால் 'டேஸ்' முடிவில், 'எஸ்'ஸுக்குப் பின், அபாஸ்ட்ரஃபி கட்டாயம். அது உடைமை வடிவம். அபாஸ்ட்ரஃபியை விட்ட பன்மை விடுப்புக் கடிதங்களில் நிறையவே கண்ணில் படுகிறது.

பெரிய ஆவணமென்றால், முடிவு செய்த தொடர்களை நடைக்குறிப்புத் தாளில் முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. ஒரே கையேட்டில் இரண்டு வடிவம் வந்தால், இரண்டும் வேறு வேறு பொருளோ என்று வாசகர் தேடுவார். திருத்தும்போது மொத்தமாக மாற்றும் கட்டளையைத் தொடவே வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இல்லையேல் 'செட்டிங்ஸ் பேஜ்' 'செட்டிங் பேஜ்' ஆகி, மென்பொருள் திரையில் உள்ள பெயரோடு பொருந்தாமல் போகும்.