சார் எப்பவும் கடைமடையில இருந்துதான் ஆரம்பிப்பாரு

1987-ல பி.இ. சிவில் முடிச்ச கையோட பொதுப்பணித்துறையில உதவிப் பொறியாளரா சேந்தேன், போஸ்டிங் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாய்ல ஒரு செக்‌ஷன். எங்க பக்கம் கல்லணைக் கால்வாய்னு யாரும் சொல்ல மாட்டாங்க, புது ஆறுன்னுதான் சொல்லுவாங்க. காவிரி, வெண்ணாறு எல்லாம் எந்தக் காலத்துலயோ ஓட ஆரம்பிச்சது, இது மேட்டூர் அணை கட்டுனப்ப அதோட சேத்து வெட்டுனது, 1934-ல அணையும் திறந்தாங்க, இதுலயும் தண்ணி வந்துச்சு. கல்லணையில கிளம்பி தஞ்சாவூர் பெரிய கோயில் ஓரமா போய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் பாஞ்சு கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர் தாண்டி புதுக்கோட்டை மாவட்டத்துல போய் முடியும், 2.27 லட்சம் ஏக்கர் இத நம்பித்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி இதெல்லாம் வானம் பாத்த பூமி. எங்க செக்‌ஷன் அந்த 148-ல கடைசிப் பக்கம், அதாவது கடைமடை.

எனக்கு மேல உதவிச் செயற்பொறியாளரா இருந்த சாரைப் பத்திதான் எழுத உக்காந்திருக்கேன். 1936-ல பொறந்தவரு, மேட்டூர் அணைய விட ரெண்டு வயசு சின்னவரு. எல்.சி.இ. டிப்ளமா படிச்சுட்டு 1958-ல சூப்பர்வைசரா வேலைக்கு வந்து ஒவ்வொரு படியா மேல ஏறி வந்தவரு. நான் டிகிரி வாங்கிட்டு வந்தவ, அவரு டிப்ளமா, ஆனா மண்ணக் கையில எடுத்து ரெண்டு விரலால தேச்சுப் பாத்துட்டு இது கரைக்கு ஆகும் இது ஆகாதுன்னு அவரு சொல்றதுக்கும் லேப் ரிப்போர்ட்டுக்கும் வித்தியாசம் இருந்து நான் பாத்ததில்ல.

சேந்த முதல் வாரமே என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு கூட்டிட்டு போனாரு. நான் தலைப்பு மதகுல இருந்து ஆரம்பிச்சு கீழ வருவோம்னு நினைச்சுட்டு இருந்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ஜீப்ப நேரா கடைசி வாய்க்கால் முடியிற இடத்துக்கு விடச் சொன்னாரு. அங்க இறங்கி வயல்ல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு, அங்கேருந்து மேல மேல நடந்து வந்தோம். "தலைப்புல நின்னு பாத்தா எல்லா வாய்க்காலும் நல்லா ஓடுற மாதிரிதாம்மா தெரியும். இங்க நின்னு பாரு, மேல யாரு என்ன செஞ்சாங்கன்னு இந்த வயலே சொல்லும்"னாரு. அன்னைக்கு நடந்தது 9 கிலோமீட்டர். எனக்கு கால் கொப்பளிச்சுப் போச்சு, அவருக்கு அப்ப 51 வயசு.

ஒரு பொண்ணு ஆத்துக்கரையில நாள் பூரா நடக்கணும்னா இருக்கிற கஷ்டம் என்னன்னு இந்தத் துறையில வேலை பாத்த பொம்பளைங்களுக்குத் தெரியும். செக்‌ஷன் ஆபீஸ்ல கழிவறை கிடையாது. காலையில 6 மணிக்கு போனா சாயங்காலம் வீடு திரும்புற வரைக்கும் தண்ணியே குடிக்காம இருப்பேன். சார்கிட்ட இதையெல்லாம் எப்படி சொல்றது, சொல்லவே இல்ல. ஆனா ஒரு பத்து நாள் கழிச்சு ஒவ்வொரு ஊர்லயும் லஸ்கர் (மதகு, கரையப் பாத்துக்கிற துறை ஊழியர்) வீட்டம்மா யாராவது ஒருத்தர் கரைக்கு வந்து "வாங்கம்மா, வீட்டுக்கு வந்து மோர் குடிச்சுட்டு போங்க"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அவரோட வீட்டம்மா சொல்லி, அவரு ஒவ்வொரு லஸ்கர் வீட்டுக்கும் தகவல் அனுப்பியிருக்காருன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல கழிவறை கட்ட எஸ்டிமேட்டும் அந்த வருஷமே போட்டாரு, அது சாங்ஷன் ஆக ரெண்டு வருஷம் ஆச்சு.

அடுத்த வருஷம் ஒரு ஐப்பசி ராத்திரி. மூணு நாளா மழை, காட்டுத் தண்ணியெல்லாம் ஆத்துல எறங்கி கரை விளிம்பு வரைக்கும் ஓடுது. பன்னெண்டரை மணிக்கு லஸ்கர் ஓடி வந்து கதவத் தட்டுறாரு, அம்மா கரை வாங்கிருச்சுன்னு. நண்டு வளையில ஊத்து மாதிரி கசிய ஆரம்பிச்சது அரை மணி நேரத்துல இருபதடி உடைப்பா ஆயிருந்துச்சு. நான் போய் ஊர்க்காரங்கள வச்சு மணல் மூட்டைய நடுவுல போடச் சொல்றேன், போடப் போட அடிச்சுட்டு போகுது, ஒரு மூட்டை கூட நிக்கல, உடைப்பு அகலமாகிக்கிட்டே போகுது, எனக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டே முக்கா மணி வாக்குல சார் ஒரு லாரியில சவுக்கு கட்டையும் தென்னங்கீத்தும் ஏத்திக்கிட்டு வந்து இறங்குனாரு. செருப்பக் கழட்டிட்டு உடைப்புக்கு ரெண்டு பக்கமும் கொஞ்ச தூரம் வெறுங்காலால கரைய மிதிச்சு மிதிச்சு நடந்தாரு, வேற எங்கயாவது இளகுதான்னு பாக்குறாராம். அப்புறம் என்கிட்ட ஒரே கேள்வி, "மேல ஷட்டர இறக்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டியாம்மா?"

நான் அனுப்பல. அந்தப் பதட்டத்துல தோணவே இல்ல. மேல அடைச்சாலும் ஆத்துல இருக்கிற தண்ணி வடிய மணிக்கணக்கா ஆகும், அதனால முதல்ல செய்ய வேண்டியதே அதுதான். உடனே ஆள் அனுப்பினாரு. அப்புறம் நடுவுல மூட்டை போடுறத நிறுத்தச் சொல்லிட்டு, உடைஞ்ச ரெண்டு முனையிலயும் சவுக்கு கட்டைய நெருக்கமா அடிச்சு கீத்து கட்டி முதல்ல வாய் அகலாம புடிச்சாரு. "வாயக் கட்டாம வயித்தக் கட்ட முடியாது"ன்னு சொல்லிக்கிட்டே கட்டைய அவரும் புடிச்சாரு. விடிஞ்சு தண்ணி இறங்க இறங்க ரெண்டு வரிசை கட்டை, நடுவுல மூட்டை, களிமண்ணுன்னு போட்டு மதியம் ஒரு மணிக்கு அடைச்சோம். 60 ஏக்கர் சம்பா நட்ட பயிர் மணல் மூடிப் போச்சு.

ரிப்போர்ட் எழுதணும். தகவல் அனுப்பின நேரத்த என்னன்னு எழுதுறதுன்னு கேட்டேன். எழுதாம விட்டுடலாம்னுதான் என் மனசுல இருந்துச்சு, அத மறைக்க விரும்பல. "உள்ளத எழுதும்மா. 2.50"ன்னாரு. எழுதிக் குடுத்தேன். கீழ அவரு கையால, செக்‌ஷனுக்குப் புதுசா வந்தவருக்கு உடைப்பு நேரத்துல செய்ய வேண்டியத முன்கூட்டி சொல்லித் தராதது என் தவறுன்னு எழுதி கையெழுத்து போட்டாரு. அதுக்கு அவருக்கு மேலேருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு. எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் என் 36 வருஷ சர்வீஸ்ல எனக்குக் கீழ எத்தனையோ பேர் வந்தாங்க, யாரு வந்தாலும் மொத நாளே உடைப்புக்கு என்ன செய்யணும்னு உக்கார வச்சு சொல்லிக் குடுத்துருவேன்.

தண்ணி குறைஞ்ச வருஷங்கள்ல முறை வைக்கிறதுதான் பெரிய பாடு. இத்தன நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தன நாள் அடுத்ததுக்குன்னு முறை போட்டு அறிவிச்சாலும் ராத்திரியில மேல இருக்கிறவங்க ஷட்டர் பூட்ட உடைச்சுருவாங்க, இல்ல எதிர்ல வைக்கோல் பிரியும் பனந்துண்டும் போட்டு தண்ணிய திருப்பிருவாங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்னு நாங்கல்லாம் சொல்லுவோம். சார்கிட்ட ஒரு நீளமான பேரேடு நோட்டு இருந்துச்சு, அதுல ஆயக்கட்டு கணக்குதான், அதாவது எந்த வாய்க்கால்ல எவ்வளவு நிலம் பாயுதுங்கிற கணக்குதான் இருக்கும்னு நினைச்சேன். ஒரு நாள் பிரிச்சுப் பாத்தா எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் பொண்ணு குடுத்திருக்காங்கன்னு வாய்க்கால் வாய்க்காலா எழுதி வச்சிருக்காரு! அடுத்த தடவை பூட்டு உடைஞ்சப்ப, வாய்க்கால் மேல் பக்கத்து ஊர்ப் பெரியவங்க மூணு பேர ஜீப்புல ஏத்தி நேரா கடைமடைக்கு கூட்டிட்டு போனாரு, நானும் பின்னாடி உக்காந்திருந்தேன். வெடிச்சுக் கெடந்த ஒரு வயல் வரப்புல நிறுத்தி, "இது யாரு வயல்னு தெரியுதாய்யா?"ன்னாரு. மூணு பேர்ல ஒருத்தரோட சம்பந்தி வயல் அது. "உங்க பேரப்புள்ள திங்கிற சோறுய்யா இது"ன்னு சொல்லிட்டு வேற ஒன்னும் சொல்லாம ஜீப்புல ஏறி உக்காந்துட்டாரு. அந்தப் பெரியவரு திரும்பி வர்ற வழி பூரா பேசவே இல்ல. அந்தப் போகத்துக்கு அந்தப் பூட்ட யாரும் தொடல. பொறியியல் புத்தகத்துல இதுக்கு ஃபார்முலா கிடையாது, ஆனா நான் பாத்ததுலயே சரியான நீர் மேலாண்மைன்னா அந்த நோட்டுதான்.

வீட்டுலயும் அவரு இப்படித்தான். அவரோட அக்கா சின்ன வயசுலயே புருஷன இழந்தவங்க, மூணு புள்ளைங்க. சம்பள நாள்ல சைக்கிள எடுத்துக்கிட்டு முதல்ல அக்கா வீட்டுக்குப் போய் அங்க குடுக்க வேண்டியத குடுத்துட்டுதான் தன் வீட்டுக்கு வருவாரு, அந்த மூணும் படிச்சு வேலைக்குப் போற வரைக்கும் இது நிக்கல. "கல்யாணமான புதுசுல எனக்கு ஆத்திரமா வரும். உங்க சாருக்கு நாங்க தலைப்பு, நாத்தனார் வீடு கடைமடை. அப்புறம் அந்தப் புள்ளைங்க முகத்தப் பாத்து எனக்கே பழகிப் போச்சு"ன்னு சாரோட வீட்டம்மா (நான் அம்மான்னுதான் கூப்பிடுவேன்) என்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்க புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ரெட்டை செட்டு துணி தீபாவளிக்குக் கூட கிடைச்சதில்லங்கிறதையும் அவங்கதான் சொன்னாங்க, அதையும் எழுதணும், ஏன்னா அவரு குடுத்ததுல பாதி அந்தம்மா விட்டுக் குடுத்தது.

1994-ல ரிட்டையர் ஆனாரு. வேற எங்கயும் போகல, பேராவூரணி பக்கத்துலயே கொஞ்சம் தென்னை வச்சுக்கிட்டு இருந்தாரு. 2003 வாக்குல அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் பழுதாகி டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க, வாரத்துல ரெண்டு நாள் தஞ்சாவூருக்கு பஸ்ல போய் வரணும். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான் குடிக்கலாம்னு டாக்டர் அளவு சொல்லிருவாரு, மீறினா மூச்சு திணறும், கால் வீங்கும். நான் பாக்கப் போனப்ப கட்டில் பக்கத்துல ஒரு நோட்டு இருந்துச்சு, நாங்க மதகுல தண்ணி மட்டத்த அளந்து கேஜ் ரீடிங் எழுதுற மாதிரியே கோடு போட்டு, தேதி, மணி, உள்ள போனது, வெளிய வந்தது, எடை, பிரஷர். எவர்சில்வர் டம்ளர்ல ஆணியால கோடு கீறி வச்சிருந்தாரு. அம்மா என்னப் பாத்து, "ஊரு ஊருக்கு தண்ணி விட்டவரும்மா உங்க சாரு, எனக்கு அரை டம்ளர் கேட்டா தரமாட்டேங்கிறாரு"ன்னாங்க. சித்திரை வெயில் நேரம் அது, உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. சார் ஒன்னும் சொல்லாம ஒரு ஸ்பூன்ல தண்ணிய எடுத்து அவங்க உதட்ட நனைச்சு விட்டுட்டு, அந்த ஒரு ஸ்பூனையும் நோட்டுல எழுதுனாரு. எனக்கு அப்பதான் கவனத்துக்கு வந்துச்சு, நான் போய் ரெண்டு மணி நேரமாச்சு, அவரு தண்ணியே குடிக்கல. தாகம் எடுத்தா கொல்லைப் பக்கம் கிணத்தடிக்குப் போய், அம்மா கண்ணுல படாமத்தான் குடிப்பாரு. இப்படி ஆறு வருஷம். 2009-ல அம்மா போயிட்டாங்க. நோட்டு அஞ்சாவது நோட்டா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஓய்ஞ்சிருவாருன்னு நினைச்சோம். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையக் கடந்தப்ப அவருக்கு 82 வயசு. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், இருபது வருஷம் வளத்த மரம் ஒரே ராத்திரியில படுத்துருச்சு, அவரு தோப்புலயும் பத்துக்கு எட்டு போச்சு. போஸ்ட் மரம் எல்லாம் சாஞ்சு ஊர்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, கரண்ட் இல்லன்னா போர் ஓடாது, டேங்க்ல தண்ணி ஏறாது, குடிதண்ணிக்கே தவிப்பு. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டு வந்தாங்க, நாலு தெருவும் எனக்கு முதல்ல உனக்கு முதல்லன்னு சண்டை. சார் ஒரு பிளாஸ்டிக் சேர போட்டு உக்காந்து, பழைய மாதிரியே முறை எழுதுனாரு, இந்தத் தெருவுக்கு இத்தன மணி நேரம்னு, கடைசித் தெருவுக்கு முதல் முறை. டீசல் கணக்கும் அவரேதான். நான் ரெண்டாவது வாரம்தான் போய் சேர முடிஞ்சுது, ரோடு முழுக்க மரம். "உங்க மரமெல்லாம் போச்சே சார்"னேன். "குரும்பையெல்லாம் மண்ணுல கெடக்குது பாத்தியா"ன்னு மட்டும் சொன்னாரு, அப்ப குரல் கம்மிருச்சு.

புயலுக்கு அப்புறம் எங்க பக்கத்து இளைஞர்கள் ஏரி ஏரியா தூர் வார ஆரம்பிச்சாங்க, சொந்தக் காசுல, வெளிநாட்டுல வேலை பாக்குறவங்க அனுப்புன காசுல. நல்ல காரியம், ஆனா ஆர்வத்துல ஒரு ஏரிய இஷ்டத்துக்கு ஆழமா தோண்டிக்கிட்டு இருந்தாங்க. சார் குச்சிய ஊனிக்கிட்டு போய் மதகு அடிமட்டத்தத் தேடி மண்ண விலக்கிக் காமிச்சாரு, "தம்பி, இதுக்குக் கீழ எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணி மதகு ஏறி வயலுக்குப் போகாது, மாடு குடிக்க ஓரமா ஒரு பள்ளம் போதும். அந்த மண்ண கொண்டு போய் கரைய ஒசத்துங்க, மிச்சத் தண்ணி வழியிற கலிங்குல கை வைக்காதீங்க." அந்தப் பசங்க அன்னைக்கே லெவல் எடுக்கிற ஆள வரச்சொல்லி திரும்பக் கோடு போட்டாங்க. அதுல ஒரு பையன் இப்ப சிவில் படிக்கிறான்.

நான் 2023-ல ரிட்டையர் ஆனேன். அந்த வருஷம் ஜூன் 12-ல மேட்டூர் திறந்தும் தண்ணி போதாம அக்டோபர் 10-லயே அடைச்சுட்டாங்க, அடுத்த வருஷம் ஜூன் 12-ல திறக்கவே முடியல. சார் படுத்த படுக்கையா இருந்தாரு. போன் பண்ணினா முதல்ல கேக்குறது மேட்டூர் எத்தன அடின்னுதான். 2024 ஜூலை கடைசியில கர்நாடகா பக்கம் நல்ல மழை, ஒவ்வொரு நாளும் அஞ்சடி ஆறடின்னு ஏறிக்கிட்டு இருந்துச்சு, அந்த வாரத்துலதான் அவரு போனாரு, 88 வயசு. 28-ம் தேதி அணைய திறந்தாங்க, 30-ம் தேதி 120 அடி நிரம்பிருச்சு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அக்கா மகன்தான் எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சாரு, அவருக்கே இப்ப 65-க்கு மேல. பந்தியில எல வச்சு சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கும்போது ஒரு பையன் டிவிஎஸ்ல வந்து இறங்கி, கடைசி வாய்க்கால்ல தண்ணி தலை காட்டிருச்சு, ஆனா குழாயடிகிட்ட குப்பை அடைச்சு பக்கத்துல வழியுதுன்னான். பந்தியில உக்காந்திருந்தவங்கள்ல நாலு பேர் எலய மடக்காம அப்படியே எந்திரிச்சுட்டாங்க, ஒருத்தரு மம்பட்டி எங்கன்னு கேட்டாரு. அக்கா மகன் கைய கழுவிக்கிட்டே, "சாப்பாட மூடி வைங்க, வந்து சாப்பிட்டுக்கிறோம்"னு சொல்லிட்டு வண்டியில ஏறுனாரு. நானும் சேலைய தூக்கி சொருகிக்கிட்டு பின்னாடி நடந்தேன்.