பிளந்த சேகரத்தில் ஒரு லெந்து காலம்

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

சபைக் கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு இரண்டாக நிற்கும் சபைக்கு மாற்றலாகி வரும் இளம் ஆயர்களுக்காக இந்தக் குறிப்புகள். தென்னிந்தியத் திருச்சபையில் குருவாகும் வழி நீளம். சொந்தச் சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) சிபாரிசு, திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) தேர்வுக் குழுவின் நேர்காணல், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்ற ஒன்றில் செராம்பூர் பி.டி. என்ற இறையியல் பட்டம், மூத்த குரு ஒருவரின் கீழ் பயிற்சி, குருப்பட்டத்துக்கு முந்தைய படியான டீக்கன் பட்டம், கடைசியில் பேராயரும் குருக்களும் சேர்ந்து தலையில் கைவைக்கும் குருப்பட்டம். எபிரெயமும் கிரேக்கமும் கல்லூரியில் வந்துவிடும். கேஷ் புக் எழுதுவதும், முகம் பார்க்காத அண்ணன் தம்பிக்கு நடுவே உட்காருவதும் டீக்கன் காலத்தில்தான் பழக வேண்டும். அந்தக் காலத்தை முழுக்கப் பிரசங்கம் பழகுவதில் கழிப்பவர்கள்தான் அதிகம்.

9 மார்ச், ஞாயிறு

வந்த புதிதில் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். 133-ஆம் சங்கீதத்தை எடுத்ததுமே, "ஐயா யாரைச் சொல்றாரு?" என்று இரண்டு பக்கமும் கணக்குப் போடும். அன்றைக்குக் குறித்த பாடத்தையே பிரசங்கியுங்கள். அதை ஆயர் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

17 மார்ச், திங்கள்

வீடு சந்திப்பு. முதலில் யார் வீட்டுக்குப் போகிறார் என்று ஊரே பார்க்கும். அதனால் தெரு வாரியாகப் போங்கள். அதற்கும் முன்னால் படுக்கையில் கிடப்பவர்கள், விதவைகள். கூட ஆயருக்கு உதவும் உபதேசியார் வரலாம், கமிட்டி உறுப்பினர் வேண்டாம். கையில் குடும்பப் பதிவேடு இருக்கட்டும்: ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணத் தேதிகளைச் சரிபார்ப்பது பேச்சுக்கு நல்ல தொடக்கம். ஒரு வீட்டில் காப்பி குடித்தால் அடுத்த வீட்டிலும் குடிக்க வேண்டும். முடியாதென்றால் எல்லா வீட்டிலும் தண்ணீர் போதும். சண்டையைப் பற்றி நீங்கள் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், "அவரிடம் சொல்கிறேன்" என்று மட்டும் வாய்விடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் தூதுவனாகிவிடுவீர்கள்.

27 மார்ச், வியாழன்

காயத்தின் வேர் பெரும்பாலும் வேதத்தில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. சங்கக் காணிக்கை (சபை அங்கத்தினர் கட்டும் சந்தா) பாக்கி என்று பெயர் நீக்கப்பட்டவர், "கட்டினேன், ரசீதுதான் தரவில்லை" என்பார். வசூல் செய்தவர் எதிர்க்கட்சி. பேசித் தீராத இது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால் பாதி தீரும். அடிக்கட்டை எண்களை வரிசையாகக் கேஷ் புக்கோடு ஒத்துப் பாருங்கள். விட்டுப்போன எண்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கமிட்டியில் வையுங்கள், பெயர் சொல்லாமல்.

ஞாயிறு காணிக்கையை ஆராதனை முடிந்த கையோடு உடைமாற்றும் அறையில் எண்ண வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக இருவர். 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்து. ஆயர் எண்ணக் கூடாது, சாட்சியாக மட்டும் கையெழுத்திடலாம். திங்கட்கிழமை வங்கியில் முழுத்தொகையும் போய்ச் சேர வேண்டும். "அவசரச் செலவு" என்று பணப்பையிலிருந்து எடுப்பதில்தான் அடுத்த சண்டை தொடங்குகிறது. மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

சவப்பெட்டி வைத்திருக்கும் வீட்டில் சங்கக் காணிக்கை பாக்கியைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அடக்க ஆராதனையில் காட்டிய முறைப்பைத் தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள்.

4 ஏப்ரல், வெள்ளி

மத்தேயு 18:15-17 மூன்று படி சொல்கிறது: தனியே, பிறகு ஓரிருவரோடு, பிறகு சபையில். நம் ஊரில் மூன்றாவதிலிருந்து தொடங்குவார்கள், அதுவும் மைக்கில். கோர்ட்டில் வழக்கு இருந்தால் "வாபஸ் வாங்குங்கள்" என்று பீடத்திலிருந்து பேசாதீர்கள். அதை இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து எழுதித் தாக்கல் செய்யட்டும்.

ஒப்புரவு என்ற பெயரில் மூடக் கூடாதவையும் உண்டு. குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை தெரியவந்தால், 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். கமிட்டியில் வைத்து "பேசி முடிப்பது" குற்றம்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

இரு தலைவர்களையும் முன்னால் அழைத்துக் கட்டிப்பிடிக்க வைக்கும் ஆசை எல்லா ஆயருக்கும் வரும். படம் நன்றாக இருக்கும், அடுத்த வாரமே உடையும். 1950-இல் வந்த நம் திருவிருந்து ஆராதனையில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது: காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது. கொடுப்பவர் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடுவார்கள். மேசையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகக் கடைசி வரை போகிறது. ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் போதும். யாராவது கையை மடக்கிக்கொண்டால் அதைக் கவனித்ததாகவே காட்டாதீர்கள். அவசரப்பட்டுப் பாட்டைத் தொடங்கினால் கடைசி பெஞ்சுக்குச் சமாதானம் போய்ச் சேராது.

25 ஏப்ரல், வெள்ளி

அசனத்துக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) சாமான் வாங்குவதைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று தோன்றும்: அரிசி இவர்கள், கறி அவர்கள். செய்யாதீர்கள், சோறு குழைந்தால் கட்சி வந்துவிடும். இரு பக்கமும் ஒவ்வொருவர் ஒரே வண்டியில் ஒரே கடைக்குப் போய், ஒரே பில்லில் வாங்கி வரட்டும். விறகடுப்புப் பக்கம் வாலிபர்களைக் கலந்து போடுங்கள். ராத்திரி முழுக்க வெங்காயம் உரிக்கிறவர்களுக்குக் கட்சி பேச நேரம் இருக்காது. காலையில் பந்தி பரிமாறும்போது முதல் பந்தியில் கமிட்டி உட்காரக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வையுங்கள்.